பிக்கப்பில் பெற்றோல் மணமா? ஆர்9 ஹோஸ் வாங்கமுன் பார்க்க வேண்டியவை

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் பெற்றோல் ஹோஸ் கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றை எடுத்துத் தருவார்கள்: மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற கண்ணாடிப் பைப் (உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைப்), 'எஸ்ஏஈ ஜே30 ஆர்7' என்று அச்சடித்த கறுப்பு றப்பர் ஹோஸ், அதைப் போலவே இருக்கும் ஆர்9. எஸ்ஏஈ ஜே30 என்பது பெற்றோல் ஹோஸுக்கான ஒரு தரம்; ஆர்7, ஆர்9 அதன் வகைகள். விலை கூடினது ஆர்9தான். பெற்றோல் பிக்கப்புக்கு அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் மணம் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்காமல் ஹோஸை மாற்றினால் காசுதான் வீண்.

முதலில் பிக்கப்பின் பின்பெட்டியையும் சீற்றுக்குப் பின்பக்கத்தையும் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற வாட்டர் பம்பை ஸ்டார்ட் பண்ணப் பெற்றோல் கொண்டுபோன கான் அங்கே கிடக்கும். மூடி வாஷர் தேய்ந்திருந்தால் அது ஒன்றே கபினை மணக்க வைக்கும். கானை இறக்கி ஒரு நாள் ஓடிப் பார்த்தும் மணந்தால் வாகனத்தில் கை வையுங்கள்.

மணம் எப்போது வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ராங்க் நிரப்பிய அன்று மட்டும் மணந்து அரை ராங்கில் நின்றுவிட்டால், நிரப்புகிற வாய்க்குழாய் ஹோஸ், அதோடு ஓடும் காற்றுக் குழாய், ராங்கின் மேல் சீல் ஆகிய மூன்றையும் பாருங்கள். பம்ப் தானாக நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்று கழுத்துவரை நிரப்பினால், ஆவியைப் பிடிக்கிற கரிப்பெட்டிக்குள் பெற்றோலே இறங்கிக் கரி கெட்டுவிடும். தை மாதத்துக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மணந்து, சூடேற நின்றால் இன்ஜெக்டரின் (எஞ்சினுக்குப் பெற்றோலைப் பீச்சுகிற பாகம்) ஓ ரிங் என்கிற றப்பர் வளையம் அல்லது தளர்ந்த கிளிப்; குளிரில் சுருங்கிய றப்பர் இடம் விடுகிறது. ஓடி நிறுத்திய பிறகு மணந்தால், இன்ஜெக்டருக்குப் பதிலாகக் காபரேற்றர் பெற்றோலைக் காற்றோடு கலக்கிற பழைய வாகனத்தில், அதன் மிதவையையும் நீடில் வால்வையும் சந்தேகியுங்கள்.

எஞ்சின் ஒயில் மட்டம் பார்க்கிற டிப்ஸ்டிக்கையும் இழுத்து மணந்து பாருங்கள். ஒயிலில் பெற்றோல் மணம் இருந்து மட்டமும் ஏறியிருந்தால், எஞ்சினில் பூட்டிய மெக்கானிக்கல் பெற்றோல் பம்பின் டயபிரம் (உள்ளே அசைகிற சவ்வு) கிழிந்திருக்கலாம். ஒயில் நீர்த்துப்போய் பெயாரிங்கைத் தின்னும். அதைத் திருத்தும்வரை வாகனத்தை எடுக்காதீர்கள்.

கிரவல் ரோட்டில் ஓடுகிற வாகனத்தில் கசிவைப் புழுதியே காட்டிக் கொடுக்கும். மற்ற இடத்தில் செம்புழுதி தட்ட உதிரும். கசிகிற மூட்டில் கரும்பழுப்பாகப் பிடித்துக் கிடக்கும். அந்த இடத்தைத் துடைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரை மெல்லத் தூவி, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். வெள்ளைக்குள் ஈரம் ஒரு கோடாக எழும்பும். கோடு கிளிப்பின் ஓரத்தில் வந்தால் கிளிப், ஹோஸின் நடுவில் வியர்த்தாற்போல் வந்தால் ஹோஸ். நெல் ஏற்றுகிற பிக்கப்பில் எலி கடித்த தடத்தையும் தேடுங்கள்.

எங்குமே ஈரமில்லாமல் மணம் மட்டும் வந்தால்? ஆர்9 அங்கேதான் உதவும். காபரேற்றர் லைனில் பிரஷர் 3 முதல் 7 பிஎஸ்ஐதான் (பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அளவு). 50 பிஎஸ்ஐ தாங்குகிற ஆர்7 வெடிக்காது. ஆனால் அதன் றப்பர் ஆவியை மெல்ல மெல்ல வெளியே விடும். ஆர்9இன் உட்சுவரில் வைற்றன் வகைப் புளோரோ றப்பர் படலம் இருப்பதால் ஆவி ஊடுருவுவது மிகக் குறைவு. 100 பிஎஸ்ஐயும் தாங்கும். இன்ஜெக்சன் லைனில் 40 முதல் 60 பிஎஸ்ஐ ஓடுவதால் அங்கே ஆர்7 போடவே கூடாது. கண்ணாடிப் பைப் சூட்டில் இளகி, பிறகு இறுகி, மூட்டில் வெடிக்கும். பொனற்றுக்குள் அதற்கு இடமில்லை.

வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். உள்ளே மெல்லிய தனிப்படை, நடுவே நூல் பின்னல், வெளியே தடித்த றப்பர் தெரிய வேண்டும். முழுக்க ஒரே றப்பராக இருந்தால், மேலே என்ன அச்சடித்திருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஜப்பான் பிக்கப்புகளில் போகிற லைன் பெரும்பாலும் 8 மில்லிமீற்றர், திரும்புகிற லைன் 6. பழைய துண்டைக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

நல்ல ஹோஸைக் கெடுப்பது கிளிப். துளை துளையாக வெட்டிய பட்டிக் கிளிப்பை இறுக்கினால் அதன் ஓரம் றப்பரைத் தின்றுவிடும். உட்பக்கம் வழுவழுப்பாக, ஓரம் மடித்து, சின்ன போல்ட்டால் இறுக்குகிற இன்ஜெக்சன் கிளிப்பைக் கேளுங்கள். ஒரு துண்டுக்கு இரண்டு வேண்டும். பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

பூட்டுகிற வேலையை மர நிழலில், வெளியில் செய்யுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். மூடிய கொட்டிலில் தரையோடு தேங்கி நிற்கும். இன்ஜெக்சன் வாகனமானால் பம்ப் பியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுப் பிரஷரை இறக்குங்கள். பிறகு பற்றரியின் நெகற்றிவைக் கழற்றுங்கள். ஹோஸைக் கூரான பிளேட்டால் நேராக வெட்டுங்கள். வாளால் அறுத்தால் தூள் உள்ளே போய் இன்ஜெக்டரை அடைக்கும். இரும்புப் பைப்பின் துருவை நொய் எமரித் தாளால் தேய்த்து, ஹோஸை 25 மில்லிமீற்றர் ஏற்றி, பைப்பின் மேட்டுக்குப் பின்னால் கிளிப்பைப் போடுங்கள். துரு குழி விழுந்திருந்தால் எந்த ஹோஸும் நிற்காது; பைப்பையே மாற்றுங்கள். முடிந்ததும் பியூஸையும் பற்றரியையும் திரும்பப் பூட்டி, சாவியை இரண்டு மூன்று தரம் ஆன் பண்ணி, ஸ்டார்ட் பண்ணாமல் ஒவ்வொரு மூட்டையும் ரிஷ்யூவால் தொட்டுப் பாருங்கள். ஒரு கிழமை ஓடிய பிறகு மறுபடி பாருங்கள்.

ஆர்9க்குக் குறைகளும் உண்டு. விறைப்பானது, இறுக்கமான வளைவில் மடிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் அங்கே வளைத்து வார்த்த ஒரிஜினல் ஹோஸ்தான் சரி. ராங்குக்குள் பம்போடு மூழ்கிக் கிடக்கிற துண்டுக்கும் ஆகாது, அதற்கு ஆர்10 வேண்டும். நிரப்புகிற வாய்க்குழாய்க்கு இதை அடிக்கணக்கில் வெட்டிப் போட முடியாது. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் விட்டம், வளைவு இரண்டையும் ஒப்பிட்டு வாங்க வேண்டும்.