ஹெபடைடிஸ் சி: ஆன்டிபாடி டெஸ்ட்டா, ஆர்என்ஏ டெஸ்ட்டா?

"ஆன்டிபாடி பாசிட்டிவ்" என்று ரிப்போர்ட் வந்ததும் பலர் இடிந்துபோகிறார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான இரண்டு டெஸ்ட்டும் சொல்வது ஒன்றல்ல. ஒன்று, வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடும்; மற்றது, வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவையே தேடும்.

செலவு: ஆன்டிபாடி மலிவு, ஆர்என்ஏ பல மடங்கு அதிகம்.

எளிமை: ஆன்டிபாடிக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும், கொஞ்ச நேரத்தில் கார்டில் கோடு விழும். ஆர்என்ஏவுக்கு, அதைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் கருவி வேண்டும்.

எப்போது தெரியும்: வைரஸ் தொற்றியதிலிருந்து ஆன்டிபாடி தெரிய சுமார் 8 முதல் 11 வாரம், ஆர்என்ஏ 1–2 வாரத்திலேயே.

எதைக் காட்டும்: இங்கேதான் குழப்பமே. வைரஸ் எப்போதோ உடம்புக்குள் வந்தது என்று மட்டுமே ஆன்டிபாடி சொல்லும்; இப்போது இருக்கிறதா என்பதை ஆர்என்ஏதான் சொல்லும். மாத்திரை சாப்பிட்டுக் குணமானவரிடமும் ஆன்டிபாடி பல வருடம் தங்கும். ஆனால் அது கவசம் ஆகாது. வைரஸ் தன் மேலுறையை மாற்றிக்கொண்டே இருப்பதால் பழைய ஆன்டிபாடிக்குப் பிடிபடாமல் நழுவிவிடும். அதனால் குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம்.

சரி, யாருக்கு எது? முதல்முறை பார்ப்பவர் ஆன்டிபாடியில் தொடங்கலாம். பாசிட்டிவ் என்றால் தள்ளிப்போடாமல் ஆர்என்ஏ எடுக்க வேண்டும். அண்மையில் பிறர் பயன்படுத்திய ஊசி தவறிக் குத்திவிட்டவரும், முன்பே குணமானவரும் நேராக ஆர்என்ஏவுக்கே போகலாம்.