அரிசோனா பாட்டியின் ஐசிவிக்ஸ்: மகளும் நானும் விளையாடிப் பார்த்தது

மகள் ஏழாம் வகுப்பு. இங்கே ஃப்ளோரிடாவில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு சிவிக்ஸ் பாடம் கட்டாயம், வருடக் கடைசியில் மாநிலத் தேர்வு வேறு, அந்த மதிப்பெண் கிரேடில் 30 சதவீதம். அதனால் பிப்ரவரி பிறந்ததுமே வீட்டில் ஒரு பதற்றம். ஒருநாள் அவள் லேப்டாப்பில் ஏதோ விளையாடிக்கொண்டிருக்க, "படிக்கிற நேரத்துல என்னம்மா இது?" என்று நான் ஆரம்பிக்க, "இதுதான்பா ஹோம்வொர்க்" என்றாள். நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ராத்திரி பத்தரை வரை இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. இட்லி மாவு வெளியே கிடந்து பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

ஐசிவிக்ஸ் என்பது அமெரிக்க அரசு எப்படி நடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் கணினி விளையாட்டுகளின் தொகுப்பு. இலவசம். லாபநோக்கில்லாத அமைப்பு நடத்துகிறது. பிரவுசரில் திறந்து விளையாடலாம், சில விளையாட்டுகள் போனிலும் கிடைக்கின்றன. கூடவே ஆசிரியர்களுக்கான பாடத்திட்டம், பயிற்சித்தாள்கள் என்று நிறைய இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை.

முதலில் பிடித்துக்கொண்டது 'டூ ஐ ஹாவ் எ ரைட்?'. நீங்கள் ஒரு வக்கீல் ஆபீஸ் நடத்துகிறீர்கள். கட்சிக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு வந்து புலம்புவார்கள். வாரண்ட் இல்லாமல் வீட்டைச் சோதித்தார்கள், பேச விடவில்லை, வக்கீல் வைத்துக்கொள்ள விடவில்லை என்கிற மாதிரி. இவர் சொல்வதில் அரசியலமைப்புச் சட்டம் காப்பாற்றும் உரிமை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். இருக்கிறது என்றால் அது எந்தத் திருத்தத்தில் வருகிறதோ அது தெரிந்த வக்கீலிடம் அனுப்ப வேண்டும். தப்பான ஆளிடம் அனுப்பினால் கேஸ் போச்சு, காக்க வைத்தால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஜெயிக்க ஜெயிக்க ஆபீஸுக்கு மேஜை நாற்காலி வாங்கலாம், புது வக்கீல்களைச் சேர்க்கலாம். நான் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தபோது 100 கேள்விகளைக் காரில் போட்டுக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவன். அப்போது 10 கேட்பார்கள், 6 சரியாகச் சொன்னால் போதும். சொல்லிவிட்டு வெளியே வந்ததும் மறந்துபோயிற்று. நான்காவது திருத்தத்துக்கும் (வாரண்ட் இல்லாத சோதனை) ஐந்தாவதுக்கும் (தனக்கெதிராகத் தானே பேச வேண்டாம்) வித்தியாசம் என் மண்டையில் நின்றது இந்த ஆபீஸில் ரெண்டு கேஸ் தோற்ற பிறகுதான்.

சரி, இதை யார் செய்தார்கள் என்று தேடினால், சாண்ட்ரா டே ஓ'கானர். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி என்று பெயர் தெரியும், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு 2009-ல் 'அவர் கோர்ட்ஸ்' என்ற பெயரில் தொடங்கியது பின்னால் ஐசிவிக்ஸ் ஆகியிருக்கிறது. பாட்டுப் போட்டி நிகழ்ச்சியின் நடுவர் பெயர் தெரிகிற மக்களுக்குத் தலைமை நீதிபதியின் பெயர் தெரியவில்லை என்பது அவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்ன ஆதங்கம். எங்கள் வீட்டுப் பதற்றத்துக்கு மூலகாரணமான அந்த ஃப்ளோரிடா சிவிக்ஸ் சட்டம் இருக்கிறதே, 2010-ல் வந்தது, அதற்கே இந்த அம்மா பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இதை மகளிடம் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

இவர் நீதிபதி ஆவதற்கு முன்னால் ஐந்து வருடத்துக்கு மேல் அரிசோனா மாநில செனட்டில் (சட்டமன்ற மேலவை) உட்கார்ந்திருந்தவர் என்பது எனக்குப் புதுச் செய்தி. குடியரசுக் கட்சி. வளர்ந்தது அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லையில் ஒரு பெரிய மாட்டுப் பண்ணையில். ஸ்டான்ஃபோர்டில் 1952-ல் சட்டம் முடித்துவிட்டு வேலை தேடியபோது ஒரு பெரிய நிறுவனம் செக்ரட்டரி வேலை வேண்டுமானால் தருகிறோம் என்றிருக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) அரசு வக்கீல் அலுவலகத்தில் சம்பளமே இல்லாமல் வேலையைத் தொடங்கினார். கல்யாணம், ஜெர்மனி, மூன்று பையன்கள், ஃபீனிக்ஸ் பக்கம் சின்னதாக ஒரு வக்கீல் ஆபீஸ், அப்புறம் அரசு வக்கீல் வேலை. 1969-ல் காலியான ஒரு செனட் இடத்துக்கு கவர்னர் ஜாக் வில்லியம்ஸ் இவரை நியமித்தார். அதற்குப் பிறகு இரண்டு தேர்தல் நின்று ஜெயித்தார். 1973-ல் செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் அந்தப் பொறுப்பில் அதுவரை ஒரு பெண் இருந்ததில்லை.

அந்த செனட் வருடங்கள்தான் எனக்குச் சுவாரசியம். ஒரு மசோதாவில் ஒரே ஒரு கமா விட்டுப்போயிற்று என்பதற்காகத் திருத்தம் கொண்டுவந்திருக்கிறார், அப்படிப்பட்ட ஆள். கீழவையில் ஒரு கமிட்டித் தலைவர் குடித்துவிட்டு வருவதை இவர் கண்டித்தபோது, "நீ மட்டும் ஆம்பளையா இருந்தா குத்து விட்டிருப்பேன்" என்று அவர் எகிற, "நீங்க ஆம்பளையா இருந்தா விட்டிருக்கலாம்" என்று இவர் பதில் கொடுத்த கதை அங்கே பிரசித்தம். கன்சர்வேடிவ்தான், சந்தேகமில்லை. 1972-ல் ஜனாதிபதி நிக்சனின் மறுதேர்தலுக்கு அரிசோனாவில் முன்னின்று வேலை பார்த்தவர், மரண தண்டனையை மாநிலத்தில் திரும்பக் கொண்டுவரும் சட்டத்துக்கு ஆதரவாக இருந்தவர். ஆனால் அதே ஆள்தான் பெண்கள் நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று பாதுகாப்பு என்ற பெயரில் வேலைவாய்ப்பையே அடைத்த பழைய சட்டத்தை எடுக்கச் சொன்னார். கணவன் மனைவியின் பொதுச் சொத்தை நிர்வகிப்பதில் மனைவிக்கும் சம உரிமை வரும்படி சட்டத்தை மாற்றுவதில் முன்னால் நின்றார். பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தத்தை 1972-ல் முதலில் ஆதரித்துவிட்டு, கட்சிக்குள் காற்று திரும்பியதும் மெதுவாகக் கையைக் கழுவிவிட்டார். இதில் எனக்குக் கோபம்தான். ஓட்டுக் கணக்கு தெரிந்த ஆள், கணக்கு தேறாது என்று விட்டிருக்கிறார். அரிசோனா கடைசிவரை அதை ஏற்கவே இல்லை.

1970-ல் கருக்கலைப்புத் தடையை நீக்கும் மசோதாவுக்கு கமிட்டியில் போட்ட ஓட்டு, பதினொரு வருடம் கழித்து ஜனாதிபதி ரீகன் இவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தபோது வந்து வாசலில் நின்றது. வலதுசாரி மதத் தலைவர்கள் கொதித்தார்கள், அரிசோனாக்காரரான செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் அவர்கள் மேல் பாய்ந்தார். கடைசியில் அமெரிக்க செனட்டில் 99-க்கு 0. எதிராக ஒரு ஓட்டுகூட இல்லை! இன்றைக்கு இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். 2006-ல் இவர் ஓய்வு பெற்ற பிறகு, தேர்தலில் நின்று ஜெயித்த அனுபவமுள்ள ஒருவர்கூட அந்த நீதிமன்றத்துக்கு வரவில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டு திரும்ப ஐசிவிக்ஸுக்குள் போனால்தான் என் குறை. நீதிமன்றத்துக்கு வக்கீல் ஆபீஸ் விளையாட்டு இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் நிஜ வழக்குகளில் அட்டைகளை வைத்து வாதாடும் 'ஆர்க்யூமென்ட் வார்ஸ்' இருக்கிறது, இது பிரமாதம், சம்பந்தமில்லாத வாதத்தை எடுத்து வைத்தால் நீதிபதி மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிடுவார். ஜனாதிபதியாக இருந்து பார்க்க 'எக்ஸிக்யூட்டிவ் கமாண்ட்', தேர்தலில் நிற்க 'வின் தி ஒயிட் ஹவுஸ்', கவுண்டிக்கு 'கவுன்ட்டீஸ் வொர்க்'. சட்டம் இயற்ற 'லாகிராஃப்ட்' உண்டு, ஆனால் அதில் நீங்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர். மாநில சட்டமன்றம்? நான் விளையாடிய எதிலும் இல்லை. பள்ளிக்கூடம், ரோடு, சொத்துச் சட்டம், வேலை நேரம் எல்லாம் தீர்மானமாகிற இடம் அது, நிறுவனர் அரசியல் கற்றுக்கொண்ட இடமும் அதுவே, அதற்கு ஒரு விளையாட்டு இல்லை.

லாகிராஃப்ட் கெட்ட விளையாட்டு இல்லை. ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, மசோதா எழுதி, மற்றவர்கள் சம்மதிக்கும்படி விட்டுக்கொடுத்து நகர்த்த வேண்டும். ரொம்ப விட்டுக்கொடுத்தால் நாம் ஆரம்பித்ததற்கும் கையில் வந்ததற்கும் சம்பந்தமில்லாமல் போகும், அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எல்லாரும் ரொம்ப மரியாதையானவர்கள். குடித்துவிட்டு வரும் கமிட்டித் தலைவர் இல்லை, காற்று திரும்பியதும் காணாமல் போகும் கூட்டாளி இல்லை, பத்து வருடம் கழித்து வந்து கழுத்தைப் பிடிக்கும் பழைய ஓட்டு இல்லை. பிள்ளைகளுக்கு அவ்வளவு வேண்டாம் என்று நினைத்திருக்கலாம், சரி, ஆனால் பன்னிரண்டு வயதுக்கு அது புரியும் என்றுதான் என் கணிப்பு. அவர்கள் பள்ளிக்கூட பஸ்ஸில் நடக்கிற அரசியல் இதைவிட மோசம்.

கட்சிச் சாயம் பூசுவார்களோ என்று கவலைப்படும் பெற்றோருக்கு: நிறுவனர் கன்சர்வேடிவ் என்பது விளையாட்டுகளில் எனக்கு எங்கேயும் தெரியவில்லை. வின் தி ஒயிட் ஹவுஸில் இரண்டு கட்சியில் எதில் வேண்டுமானாலும் நிற்கலாம். மகள் ஒன்றில் நின்றாள், நான் அவளைத் தோற்கடிக்க மற்றதில் நின்றேன், இரண்டு பேருக்கும் பணம் பாதியிலேயே தீர்ந்தது. சில விளையாட்டுகள் ஸ்பானிஷிலும் உண்டு, தமிழுக்கு வாய்ப்பில்லை. ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது அவ்வளவு பயன்படாது, முழுக்க அமெரிக்கச் சரக்கு. குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிற அப்பா அம்மாக்களுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். முதலில் வக்கீல் ஆபீஸ், அப்புறம் ஆர்க்யூமென்ட் வார்ஸ், பொறுமை இருந்தால் லாகிராஃப்ட்.

ஓ'கானர் 2023 டிசம்பர் 1 அன்று ஃபீனிக்ஸில் 93 வயதில் இறந்தார். தன் வேலைகளிலேயே ஐசிவிக்ஸ்தான் முக்கியம் என்று சொல்லிவந்தவர். கால் நூற்றாண்டு உச்ச நீதிமன்றத்தில் இருந்தவர் அப்படிச் சொன்னது அடக்கமா நிஜமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மகள் அந்தக் கமா கதையைத் தன் இங்கிலீஷ் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் கட்டுரைகளில் விட்டுப்போகும் ஒவ்வொரு கமாவுக்கும் அரை மார்க் குறைகிறது.