நானுஓயா கராஜும் காபரேட்டரில் பிடித்த ஐஸும்

மலையகத்தில் இன்னும் பழைய காபரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பைக் ஓட்டுபவர்களுக்காக எழுதுகிறேன். நானுஓயாவில், தலவாக்கலைக்கு இறங்கும் வீதியோரம் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சின்ன கராஜ் இருக்கிறது. தாராளமாகப் போகலாம், அவசரம் இல்லையென்றால்.

என் வண்டிக்கு ஒரு விசித்திரமான நோய். காலையில் நுவரெலியா ஏற்றத்தில் ஒன்றும் செய்யாது. மாலையில் பாடசாலை முடிந்து பனிமூட்டத்தில் எக்ஸலேட்டரை விட்டு இறங்கும்போதுதான் வரும். வளைவு தாண்டித் திருகினால் இழுவை இருக்காது, இருமி நின்றுவிடும். கடையோரம் நிறுத்தி ஒரு பிளேன்டி குடித்துவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். வேறொரு கராஜில் ப்ளக், கொயில், காபரேட்டர் கிட் எல்லாம் மாற்றிப் பணம் வாங்கினார்கள். பனி வந்ததும் பழைய கதைதான்.

இங்கே அண்ணன் ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. "மழையிலயா சேர் நிக்குது, பனியிலயா? இறக்கத்திலயா?" என்று கேட்டார். "அப்ப உள்ளுக்கு ஐஸ் பிடிக்குது. நின்ன பிறகு எஞ்சின் சூட்டுல கரைஞ்சிடும். கழற்றிப் பார்த்தா என்ன தெரியும்?"

இளவயதில் கொழும்புப் பக்கம் இரத்மலானை விமானக் கொட்டகையில் உதவியாளாக இருந்தவராம். காபரேட்டரின் ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமெடுத்து அழுத்தம் குறைகிறது, பெட்ரோலும் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்தால் உள்ளே வெப்பம் வெளியே இருப்பதைவிட 20, 30 பாகை செல்சியஸ்கூடக் குறைந்துவிடும். காற்றிலுள்ள ஈரம், எக்ஸலேட்டரைத் திருகினால் திறக்கும் திராட்டில் தகட்டில் உறைந்து வழியை அடைக்கும். தகடு மூடியிருந்தால் இன்னும் மோசம். சிறு விமானங்களுக்கு வெளியே 21 பாகைக்குக் கீழும் ஈரப்பதம் 80 வீதத்துக்கு மேலும் இருந்தால் அதிக ஆபத்து. எங்கள் மாலைநேரம் அப்படியே பொருந்துகிறது. ஆனால் இரத்மலானை வெக்கையிலும், பவரைக் குறைத்து இறங்கும்போது பிடிக்குமாம்.

செஸ்னா 152 என்ற சின்ன விமானத்தில் அதற்கென்றே ஒரு குமிழ் உண்டு. இழுத்தால் சைலன்சரைச் சுற்றி வந்த சூடான காற்று காபரேட்டருக்குள் போகும். ஐஸ் பிடித்திருந்தால் முதலில் சுழற்சி இன்னும் குறைந்து எஞ்சின் உலுக்கும், கரைந்த தண்ணீரும் உள்ளேதானே போகிறது. பயந்து குமிழைத் திரும்பத் தள்ளிவிடக் கூடாது. முழுதாக இழுத்தபடி பொறுத்தால் பவர் திரும்பும். இதைச் சொல்லும்போது அண்ணன் கையில் இல்லாத குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அதே வேலையைத்தான் என் பைக்குக்கும் செய்தார். எக்ஸோஸ்ட் குழாயைச் சுற்றி ஒரு அலுமினியத் தகடு, அங்கிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ஹோஸ், நடுவே திறந்து மூட ஒரு மூடி. வெக்கையான கம்பளை, கண்டிப் பக்கம் போனால் மூடச் சொன்னார். சூடான காற்று அடர்த்தி குறைவு, இழுவை குறையும், பெட்ரோலும் வீணாகும். கூலி 3,500 ரூபா. அதன்பிறகு இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை.

குறைகளும் உண்டு. நாளைக்கு என்றார், வார இறுதியில்தான் கிடைத்தது. பில் கிடையாது. தகடு கரடான இடத்தில் கடகடக்கிறது, அதற்கு அவர் "சத்தம் வந்தா இருக்குன்னு அர்த்தம்" என்று சிரிக்கிறார். காபரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்கள் இதற்காக அலையத் தேவையில்லை. மற்றவர்கள் பத்து மணிக்குப் பிறகு போங்கள், அதற்கு முன் கதவு திறக்காது.