பழைய கேபினெட்டுக்குள் புது போர்டு: மூன்று வருடம் கழித்து

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2012-ல் வாங்கியது. ஐ3-2120 பிராசஸர், எச்61 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. 2018-ல் ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ராமும் போட்டேன். கிழட்டு மாட்டுக்குப் புண்ணாக்கு வைத்த மாதிரி அதில் இன்னும் நான்கு வருடம் ஓட்டிவிட்டது. மதர்போர்டையும் பிராசஸரையும் மாற்றியது 2022 ஆகஸ்டில்தான்.

மாற்ற வைத்தது அப்பா அம்மாவின் கல்யாணக் கேசட். ஸ்டூடியோவில் கொடுத்து கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றி வாங்கியிருந்தேன். ஒன்றரை மணி நேர வீடியோவைச் சுருக்க, இரவு சாப்பிட்டுவிட்டுப் போட்டால் விடியும்போதுதான் முடியும். அதுவரை ஃபேன் சத்தத்தில் யாரும் அந்த அறையில் படுக்க முடியாது. விண்டோஸ் 11 இன்டெல் பிராசஸர்களில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பொதுவாக முறைப்படி ஏறாது. நம்முடையது இரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு கதை முடியும் என்பதும் அப்போதே தெரியும்.

ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசஸர் எடுத்தேன். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் பன்னிரண்டாகப் பிரித்து வேலை பார்க்கும். கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் தனி கார்டு வேண்டாம். கிரிப்டோ மோகத்தில் ஏறிய கார்டு விலை அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமே போக விருப்பமில்லை. பிராசஸர் 13,500, பி450 போர்டு 6,200, ஆக இருபதாயிரத்துக்குள் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

சாமியார் கோவணத்தைக் காப்பாற்றப் பூனை வளர்த்த கதைதான் நடந்தது. பழைய டிடிஆர்3 ராம் புது போர்டின் டிடிஆர்4 ஸ்லாட்டில் உட்காராது, வெட்டு இருக்கும் இடமே வேறு. 8 ஜிபி ராம் இரண்டு, 5,000. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் பிராசஸருக்கு 4 பின் வயர்தான் இருந்தது, போர்டு கேட்டது 8 பின். நாலு பின்னிலேயே ஓடும் என்றார் கடைக்காரர். ஓடியிருக்கும்தான். ஆனால் பத்து வயதான எஸ்எம்பிஎஸ்ஸை நம்பிப் புதுச் சாமானை மாட்ட மனசு வரவில்லை. அது 3,100. மொத்தம் 27,800. போர்டில் விஜிஏ போர்ட் இருந்ததால் பழைய மானிட்டர் மட்டும் தப்பித்தது.

எல்லாம் வாங்கியது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில். முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை போய், பூட்டிய ஷட்டர்களைப் பார்த்துவிட்டு டீ குடித்துத் திரும்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாட்டும்போது தெரிந்த ஒரு விஷயம். பிராசஸரோடு வரும் கூலரைத் திருக, போர்டில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். நாலு ஸ்க்ரூவையும் எடுத்ததும் போர்டுக்குப் பின்னால் இருந்த இரும்புத் தகடு தொப்பென்று கேபினெட்டுக்குள் விழுந்தது. போர்டை அதற்குள் கேபினெட்டில் முடுக்கிவிட்டிருந்தேன். திரும்பக் கழற்றி, தகட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கூலரை உட்காரவைத்தேன். கூலரை மேஜை மேல் வைத்தே மாட்டிவிடுங்கள், அப்புறம் போர்டை உள்ளே வையுங்கள்.

பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒரே ஒரு ராம் வைத்துப் பார்த்தேன். போர்டைத் துவக்கும் மென்பொருளான பயாஸின் பேட்டரியைக் கழற்றிக் கால் மணி நேரம் கழித்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு, குப்பைக்குப் போகவிருந்த போர்டின் அட்டைப்பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ரைசன் 5000-க்குத் தயார் என்று சொல்லும் ஸ்டிக்கர் அதில் இல்லை. பி450 வந்தது 2018-ல், 5600ஜி வந்தது 2021-ல். இடையில் பயாஸ் புதுப்பிக்காத பழைய சரக்கு என் தலையில் விழுந்திருக்கிறது.

மறுநாள் கடையில், "பயாஸ் பழசா இருக்கும் சார், அஞ்சு நிமிஷம்" என்றார், எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது போல. பழைய ரைசன் ஒன்றைப் போட்டு, பென்டிரைவைச் செருகி ஏற்றிக்கொடுத்தார். அந்த ஐந்து நிமிடத்தை விற்ற அன்றே செலவழித்திருக்கலாம்.

விண்டோஸ் 10 புதிதாகப் போட்டேன். பழைய லைசென்ஸ் பழைய போர்டோடு பிறந்தது, அதோடே போய்விட்டது. வேறு வாங்க வேண்டியதாயிற்று. 27,800-ல் இதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் வீட்டில் கேள்வி வரும்.

சரி, வேகம். பிரவுசர் திறப்பது, கடிதம் அடிப்பது, பாட்டுக் கேட்பது இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த மாற்றத்தை 2018-லேயே எஸ்எஸ்டி கொடுத்துவிட்டது. எச்61 போர்டில் அதே எஸ்எஸ்டி நொடிக்கு 270 எம்பியைத் தாண்டாது, இப்போது 530 வரை போகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. கல்யாண வீடியோ மட்டும் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. மகள் வீடியோ காலில் வகுப்பு கேட்டுக்கொண்டிருக்கும்போதே முடிந்தது, அதுதான் பெரிய விஷயம். ஒரு வேலை நடக்கும்போது இன்னொன்று மூச்சுவாங்குவதில்லை.

ராமின் வேகத்தை பயாஸில் போய் 3200-க்கு மாற்றிவிடுங்கள். நான் இரண்டு மாதம் கவனிக்காமல் 2400-லேயே ஓட்டியிருக்கிறேன். உள் கிராபிக்ஸ் ராமை நம்பித்தான் இருக்கிறது. ஒரு ராமுக்குப் பதில் இரண்டாக வாங்கச் சொல்வதும் அதனால்தான்.

அந்த ஆண்டுக் கடைசியில் விண்டோஸ் 11-க்கு மாறியதும் ஒரு தொல்லை. பாட்டு ஓடும்போது ஒரு நொடி திக்கும், மவுஸும் கூடவே நின்று நகரும். ஸ்பீக்கரைச் சந்தேகித்தேன், வயரைச் சந்தேகித்தேன். ரைசனில் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி செயல்படும் விதத்தால் வரும் திக்கல் அது. 2022 மே முதல் வந்த பயாஸ்களில் சரிசெய்திருந்தார்கள். கடைக்காரரின் பென்டிரைவில் இருந்தது 2021-ன் பயாஸ். புதியதை ஏற்றியதும் திக்கல் நின்றது.

மே மாதம் வீடியோ மாற்றும்போது பிராசஸர் 85 டிகிரி வரை போகும், மற்ற நேரம் 45-க்குப் பக்கம். மூன்றாம் வருடம் பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றலாம் என்று கூலரைத் தூக்கினேன். பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் பல் பிடுங்கியது போலக் கூடவே வந்துவிட்டது. இந்த ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் பிராசஸரின் அடியில்தான் இருக்கின்றன, 1,331. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் வளையவில்லை. பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, பேஸ்ட் சூடாக இளகியதும் அணைத்து, கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகிவிட்டுத்தான் தூக்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது அப்புறம்தான்.

பழைய போர்டு, பிராசஸர், ராம் எல்லாம் அக்கா பையனிடம் லினக்ஸ் மின்ட் போட்டு ஓடுகிறது. என்னிடம் மிச்சம் இருப்பது 2012-ன் கேபினெட். முன்பக்கம் யுஎஸ்பி 2.0 மட்டும்தான். போர்டில் 3.0-வுக்கான இணைப்பு மூன்று வருடமாகச் சும்மா கிடக்கிறது. பெரிய ஃபைல் காப்பி செய்ய வேண்டுமென்றால் இன்றைக்கும் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பின்னால்தான் பென்டிரைவைச் செருகுகிறேன்.