மெரினா: எங்கே இறங்குவது, எதைத் தின்பது, அலையில் எவ்வளவு தூரம்

மெரினா குளிக்கிற கடற்கரை இல்லை. நடக்க, உட்கார, காற்று வாங்க, வயிறு நிறையத் தின்ன ஏற்ற கடற்கரை. இதை ஏற்றுக்கொண்டு போகிறவர்களுக்குக் காசில்லாமல் இவ்வளவு கிடைக்கிற இடம் சென்னையில் வேறு கிடையாது. குடும்பத்தோடு கடலில் ஆட்டம் போடலாம் என்று வருகிறவர்களுக்கு இது ஆபத்தான இடம். அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம். முதலில் போய்ச் சேரும் வழி.

ரயிலில் வரும் வெளியூர்க்காரர்கள் ‘சென்னை பீச்’ ஸ்டேஷன் என்ற பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிடுகிறார்கள். அது பாரிமுனைப் பக்கம், துறைமுகத்துக்கு எதிரே இருக்கிறது. வெளியே வந்தால் கடலும் இல்லை, மணலும் இல்லை. மெரினாவுக்கு இன்னும் 3 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதே ஸ்டேஷனில் வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலை (உயரப் பாலத்தில் ஓடும் உள்ளூர் ரயில்) பிடியுங்கள். நினைவிடங்களும் உழைப்பாளர் சிலையும் பார்க்க சேப்பாக்கம், கண்ணகி சிலைப் பக்கம் கடைகளுக்குப் போக திருவல்லிக்கேணி, காந்தி சிலைக்கும் லைட்ஹவுஸுக்கும் கலங்கரை விளக்கம் ஸ்டேஷன். எங்கே இறங்கினாலும் மணலுக்குப் போய்ச் சேரப் பத்துப் பதினைந்து நிமிஷ நடை இருக்கும். பஸ்ஸில் வந்தால் அண்ணா சதுக்கம்தான் கடைசி நிறுத்தம். காரில் வருபவர்கள் காமராஜர் சாலையை ஒட்டியுள்ள சர்வீஸ் ரோட்டில் நிறுத்தலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு மேல் வந்து இடம் தேடுவது வீண். சேப்பாக்கம் மைதானத்தில் மேட்ச் இருக்கும் நாளிலும் காரை மறந்துவிடுங்கள். ஜனவரி பிற்பாதியில் குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகைக்காகக் காலையில் சாலையை மூடுவார்கள். லைட்ஹவுஸ் பக்கம் மெட்ரோ வேலையால் போக்குவரத்தை அவ்வப்போது திருப்பி விடுகிறார்கள்.

எந்த இடத்தில் இறங்குவது என்பது யாரோடு போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வடக்கே நேப்பியர் பாலத்தை ஒட்டி அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா நினைவிடங்கள். நிழலும் புல்தரையும் உண்டு, சுற்றுலா பஸ்கள் வந்து நிற்பதால் கூட்டமும் உண்டு. கூவம் கடலில் கலப்பது இதற்குக் கொஞ்சம் வடக்கே என்பதால் மழைக்குப் பிறகு இந்தப் பக்கத்துத் தண்ணீர் கறுத்து, குப்பையோடு வரும். கால் நனைக்கக்கூட வேண்டாம். உழைப்பாளர் சிலையிலிருந்து காந்தி சிலை வரையுள்ள நடுப்பகுதிதான் எல்லோர் மனதிலும் இருக்கும் மெரினா: பஜ்ஜிக் கடை, ராட்டினம், குதிரை, பலூன் சுடுவது எல்லாம் இங்கே. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையைப் பலரும் வண்டியிலிருந்தே பார்த்துவிட்டுப் போகிறார்கள். இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி, பாறையை நெம்பும் அந்த நான்கு பேரின் முதுகுத் தசையைப் பின்னாலிருந்து பாருங்கள்; 1959-இல் வைத்த சிலை, இந்தக் கரையில் இதை மிஞ்ச இன்னொன்று இல்லை. லைட்ஹவுஸைத் தாண்டினால் லூப் ரோடு, நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம். அது மீனவர்களின் இடம். படகும் வலையும் காயும் மணலில் பாய் விரித்து உட்காருவது அவர்கள் வேலைக்கு இடைஞ்சல்.

நேரத்தைப் பொறுத்தவரை, கிழக்குப் பார்த்த கடல் என்பதால் சூரியன் உதிப்பதுதான் கடலில் தெரியும்; மறைவது ஊருக்குப் பின்னால். ஜூன் தொடக்கத்தில் சுமார் 5.40-க்கே உதித்துவிடும், ஜனவரி நடுவில் 6.35 ஆகும். அதற்கு 20 நிமிஷம் முன்னால் மணலில் இருக்க வேண்டும். கோடையில் மத்தியானம் கடற்காற்று ஏறும்வரை அங்கே நிற்க முடியாது. மேற்கிலிருந்து மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடற்காற்று சாயங்காலம் வரை தள்ளிப்போகும். அன்றைக்கு மெரினாவும் வெந்துகொண்டுதான் இருக்கும்.

மணலின் அகலத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். சாலையிலிருந்து தண்ணீர் வரை பல இடங்களில் 300 மீட்டருக்குக் குறையாது. ஒரு காலத்தில் கடல் சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலை நகர்த்தும் நீரோட்டத்தை 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய துறைமுகச் சுவர் மறித்ததால் மணல் இங்கே தேங்கிவிட்டது. அந்த மணல் கிடைக்காத ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. உங்களுக்கு இதில் என்ன என்றால், முட்டிவலி உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் இந்த 300 மீட்டர் பொதபொத மணல் தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குச் சமம். ஷூ வேண்டாம், ரப்பர் செருப்பு போதும். வெறுங்காலில் நடக்கிற ஆசை இருந்தால் ஈர மணலுக்குப் போன பிறகு கழற்றுங்கள். காய்ந்த மணலில் உடைந்த பாட்டில் துண்டும் பஜ்ஜிக் குச்சியும் கிடக்கும்.

நடக்க முடியாதவர்களுக்காக விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில் ஒரு மரப்பாதை திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், முடிவில் கடலைப் பார்க்க ஒரு மேடை. திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதன் கடல் முனையை உடைத்தது, பிறகு சரிசெய்தார்கள். மெரினாவில் நடந்த உருப்படியான வேலைகளில் இது ஒன்று. சக்கர நாற்காலிக்காரர்களுக்கான அந்தப் பாதையில் கால் நல்லா இருக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து செல்ஃபி எடுப்பதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. வயதானவர்களை அழைத்துப்போவதாக இருந்தால் வார நாளில், வெயில் தாழ்ந்ததும் 4.30 வாக்கில் போய்விடுங்கள்.

இனி தண்ணீர். மெரினாவில் கரையோரச் சரிவு செங்குத்து. அலை தூரத்தில் உடைந்து மெல்ல வந்து காலைத் தொடுவதில்லை, கால்மாட்டில் வந்துதான் உடைகிறது. திரும்பிப் போகும் தண்ணீர் பாதத்துக்கு அடியில் இருக்கும் மணலையும் அரித்துக்கொண்டு போகும். முழங்கால் ஆழத்தில் நிற்பவர் இன்னும் இரண்டடி வைத்தால் இடுப்பு. அடுத்த பெரிய அலைக்குக் காலே நிலைகொள்ளாது. புடவையும் ஜீன்ஸும் தண்ணீர் குடித்தால் கனத்துப் போகும், நீச்சல் தெரிந்தவரே தடுமாறுவார். சங்கிலிபோலக் கைகோத்து நிற்பதில் பாதுகாப்பு இல்லை, ஒருவர் சாய்ந்தால் மற்றவரையும் இழுத்துக்கொண்டுதான் போவார்.

இதைவிட மோசம் இழுப்பு. அலைகள் வரிசையாக வெள்ளை நுரையோடு உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரையே இல்லாமல், அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். பழக்கமில்லாதவர்கள் ‘இங்கே அலை இல்லை’ என்று அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் மொத்தமாகக் கடலுக்குத் திரும்பும் வழி அது. அதில் மாட்டினால் கரையை நோக்கி நேராக நீந்தக் கூடாது. யாருடைய பலமும் அதற்கு எதிரில் சில நிமிஷம்தான். பதறாமல் மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்டுங்கள். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை உடையும் இடத்துக்கு வந்து அலையோடு கரையேறுங்கள். கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஒரே கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போவது இப்படித்தான். மிதக்கிற எதையாவது, மூடிய காலித் தண்ணீர் கேனானாலும் சரி, தூக்கிப் போடுங்கள், உயிர்காப்புப் படையினரையும் மீனவர்களையும் கூப்பிடுங்கள், 112-ஐ அழையுங்கள். குளிக்கத் தடை என்று போலீஸ் விசில் ஊதினால் சண்டைக்குப் போகாமல் மேலே ஏறிவிடுவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வாடைக் காலத்தில், கணுக்கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் முதல் மரியாதை சுண்டலுக்கு. காய்ந்த பட்டாணியை இரவெல்லாம் ஊறவைத்து, தோல் கழலாமல் ஆனால் விரலால் அழுத்தினால் நசுங்குகிற பதத்தில் வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, இஞ்சி பச்சைமிளகாய் விழுது, தேங்காய், மாங்காய் போட்டுப் பிரட்டியது. தேங்காயும் வெந்த பட்டாணியும் சேர்ந்த பண்டம் புழுக்கத்தில் சீக்கிரம் நொசநொசத்துவிடும். சாயங்காலம் 4-லிருந்து 7-க்குள் வாங்கினால் நன்றாக இருக்கும். 9 மணிக்குப் பாத்திரத்தின் அடியிலிருந்து சுரண்டித் தருவதை வாங்காதீர்கள்.

பஜ்ஜிக்கு எண்ணெயைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுங்கள். மாவு விழுந்ததும் பொங்கும் நுரை கொஞ்ச நேரத்தில் அடங்க வேண்டும். அடங்காமல் ஓரமெல்லாம் நின்றாலும், எண்ணெய் கறுத்துப் புகைந்தாலும், அது பலமுறை காய்ந்த எண்ணெய். கூட்ட நேரத்தில் அரைவேக்காடாகப் பொரித்து அடுக்கி வைத்து, கேட்கும்போது மறுபடி எண்ணெயில் போட்டுத் தருவார்கள். இரண்டு முறை எண்ணெய் குடித்த பஜ்ஜி அது. “அண்ணா, அவசரம் இல்ல, புதுசா போட்டுக் குடுங்க” என்றால் பெரும்பாலும் போட்டுத் தருவார்கள். மிளகாய் பஜ்ஜியை நீளவாக்கில் கீறி, வெங்காயம் வைத்து வாங்குங்கள். கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் கடையில் காற்றோடு மணலும் சட்டியில் விழும். கடல் பக்கம் தட்டி கட்டிய கடைதான் நல்லது.

மீன் வறுவலில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். செக்கச்செவேல் மசாலா பூசி அடுக்கியிருக்கும் துண்டில் மீனின் வாசனையும் தெரியாது, நிறமும் தெரியாது. ஆகவே முழு மீன் எடுங்கள்: சங்கரா, சின்ன வவ்வால், இல்லையென்றால் நெத்திலி. சங்கராவின் கண் குழிவிழுந்திருந்தால் வேண்டாம். வஞ்சிரம் என்று சொல்லிச் சூரையை வைத்தால் கண்டுபிடிக்கலாம்: வஞ்சிரத் துண்டு வெளிர் நிறம், சூரை கருஞ்சிவப்பு. சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் வகைகள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போலப் படுத்தும் பொருள் உருவாகும். எவ்வளவு பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். ஐஸ் பெட்டி வைத்திருக்கும் கடையாகப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பெரிய மீன் வரத்து குறைந்து விலை ஏறும், பழைய சரக்கும் நிறைய வரும். பொரிக்கச் சொல்லும் முன் “அக்கா, ஒரு பீஸ் எவ்ளோ, பிளேட்டுக்கு எத்தனை பீஸ்?” என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். தகராறு வருவது எப்போதும் பிளேட் கணக்கில்தான். பச்சை மீன் வாங்கிப்போக நினைப்பவர்களுக்கு லூப் ரோட்டில் 2024-இல் திறந்த நொச்சிக்குப்பம் மீன் அங்காடி இருக்கிறது, காலையில் போங்கள்.

பஞ்சு மிட்டாய் வெள்ளையாக இருந்தால் மட்டும் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கலாம். ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கலந்த பஞ்சு மிட்டாயை 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தடைசெய்தது. ரோஸ் நிறத்தில் யாராவது கொண்டுவந்தால் விலகிப் போங்கள். குதிரைக்கு ஏற்றும் முன் தொகையையும், எங்கே வரை போய்த் திரும்பும் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். கூடவே ஒருவர் கயிற்றைப் பிடித்து நடந்து வர வேண்டும். குழந்தையைத் தனியாக விரட்டிவிடுவதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

லைட்ஹவுஸில் லிஃப்ட் உண்டு. மேலே இருந்து வடக்கே மணலின் அகலமும் ஊரின் நெருக்கடியும் ஒருசேரத் தெரியும். திங்கட்கிழமை விடுமுறை, மத்தியானம் 1 முதல் 3 வரை இடைவேளை, சாயங்காலம் சீக்கிரமே மூடிவிடுவார்கள். கடற்கரைக்குப் பிறகு ஏறலாம் என்று வைத்துக்கொண்டால் கதவு சாத்தியிருக்கும்.

கழிப்பறைகள் பெரும்பாலும் சர்வீஸ் ரோட்டில்தான். சுத்தம் நாளுக்கு நாள் மாறும். குழந்தைகளை அழைத்துப்போய்விட்டு மணலில் இறங்குங்கள், இல்லாவிட்டால் அந்த 300 மீட்டரை இரண்டு முறை நடக்க வேண்டிவரும். காணும் பொங்கல் அன்று தண்ணீருக்கு முன்னால் கட்டை கட்டித் தடுத்துவிடுவார்கள்; போலீஸ் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைப் பிள்ளைகள் கையில் கட்டிவிடும், அதை மறக்காமல் வாங்கிக் கட்டுங்கள். 2024 அக்டோபரில் விமானப்படை சாகசத்தைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் வெயிலும் நெரிசலும் சேர்ந்து 5 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் போயே ஆக வேண்டுமென்றால் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தலைக்குத் தொப்பி, நிகழ்ச்சி முடிவதற்கு முன்பே கிளம்பும் மனசு, இந்த மூன்றும் வேண்டும்.

காபி குடித்து, நாற்காலியில் உட்கார்ந்து, காரைப் பக்கத்தில் நிறுத்திக் கடல் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்தான் சரி. மணல் அகலமும் குறைவு, நடையும் குறைவு. ஆனால் அங்கேயும் கடல் இதே கடல்தான். மெரினாவில் இரவு 10 மணி வாக்கில் போலீஸ் எழுப்பிவிட ஆரம்பிக்கும். அதற்குள் பறக்கும் ரயிலும் குறைந்துவிடும், ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. 9 மணிக்கே எழுந்து, செருப்பைத் தட்டி, நடக்கத் தொடங்குங்கள்.