கழுத்துச் சொடுக்குக்கு எட்டு செஷன்: நான் கொடுப்பது மூன்றரை ஸ்டார்

கழுத்தை இடப்பக்கம் வெடுக்கென்று சொடுக்கும் பழக்கம் எனக்குப் பதினோரு வயதிலிருந்து. பழக்கம் என்று வீட்டில் சொல்வார்கள், டாக்டர் டிக் என்றார், அதாவது நம்மை மீறித் திடீரென்று வரும் அசைவு அல்லது சத்தம். மாத்திரை, மந்திரித்த கயிறு எல்லாம் முடிந்து போன வருடம் வீடியோ காலில் சிபிஐடி (CBIT) என்ற, டிக்கைக் குறைக்கும் நடத்தைப் பயிற்சி எடுத்தேன், எட்டு செஷன், ஒன்றுக்கு 1,500 ரூபாய். எந்த சென்டர் என்று சொல்லவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன்.

முதல் இரண்டு செஷன் கிட்டத்தட்ட தண்டம். டிக் வருவதற்கு முன் உடம்பில் என்ன தோன்றுகிறது, அரிப்பா, அழுத்தமா, இறுக்கமா, ஏதோ முழுமையாகாத மாதிரியா என்று ஆங்கிலப் படிவம் ஒன்றை வைத்துக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் "கொஞ்சம்" போட்டேன். இருபது வருடமாக ஆட்டுகிற கழுத்தைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியவில்லை! மூன்றாவது செஷனில்தான் பயிற்சி கொடுத்த அம்மா தமிழுக்கு மாறி, "எங்கே, எப்படி இருக்கு, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்றார். உறுத்தல் என்றேன். கண்ணில் தூசி விழுந்தால் உறுத்துமே, அது காதுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி, தோலுக்கு உள்ளே. சொடுக்கினால் அடங்கும், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

அந்த ஒரு வார்த்தை கிடைத்த பிறகுதான் கொடுத்த காசுக்கு வேலை நடந்தது. உறுத்தல் தலைகாட்டியதும் தாடையை லேசாக உள்ளே இழுத்து, கழுத்துத் தசையை மெல்ல இறுக்கி, ஒரு நிமிடமோ அது தணியும் வரையோ அப்படியே இருக்க வேண்டும். 1973-இல் அஸ்ரின், நன் என்ற இருவர் எழுதிய பழக்கமாற்று முறைதான் இதற்கு அடிப்படை. 2010-இல் 9 முதல் 17 வயது வரையுள்ள 126 பிள்ளைகளிடம் சோதித்தபோது இந்தப் பயிற்சி எடுத்தவர்களில் பாதிக்கு மேல் முன்னேறினார்கள், ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. அதாவது கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பலன் இல்லாமலும் போகலாம், இதைச் சேரும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை: கவனிக்க ஆரம்பித்ததும் உறுத்தல் கூடிவிட்டது. நான்காவது வாரம் ஆபீஸில் சட்டைக் காலர் லேபிள் பட்டதற்கே கழுத்து துள்ளியது, வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலால் எல்லாச் சட்டையிலும் லேபிளை வெட்டி எறிந்தேன். அப்புறம் தேடிப் படித்தேன். 2015-இல் ஓர் ஆய்வில் டூரெட் (அசைவு டிக்கும் குரல் டிக்கும் நெடுநாள் இருக்கும் நிலை) உள்ள பெரியவர்களை, நாடியைத் தொடாமல் தங்கள் இதயத் துடிப்பை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்களைவிட இவர்கள் சரியாக எண்ணவில்லை, ஆனால் இவர்களுக்குள் நன்றாக எண்ணியவர்களுக்குத்தான் டிக்குக்கு முந்தைய உந்துதல், அதாவது என் உறுத்தல் மாதிரியானது, அதிகம். படித்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி, சரி, நான் மட்டும் இல்லை என்று.

ஆறாவது வாரத்துக்கு மேல் தணிந்தது. கழுத்துச் சொடுக்கு மூன்றில் ஒரு பங்காகியிருக்கிறது, இது வீட்டில் என் அம்மா எண்ணிச் சொன்ன கணக்கு. எனக்குள்ள இன்னொரு டிக்கான தொண்டைச் செருமல் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு முன்னால் எனக்கு எதுவுமே தோன்றுவதில்லை.

சேர்வதானால் முதல் போனிலேயே தமிழில் பேசுவார்களா என்று கேட்டுவிடுங்கள்.