எஸ்டோனியாவா, சிங்கப்பூரா? சிறு நாட்டுக்கு எந்த உறுப்பினர் பதவி காவல்

சிறு நாடுகளின் பாதுகாப்புக் கொள்கை என்ற பாடப்பகுதியில் ஒரே ஒரு நாட்டை மட்டுமே விரிவாக நடத்த இந்தப் பருவத்தில் நேரம் இருந்தது. ஈரோட்டில் நான் பணியாற்றும் கல்லூரியின் மாணவர்கள் சிங்கப்பூரையே விரும்பினார்கள். கோவையிலிருந்து நேராக விமானம் செல்லும் ஊர், உறவினர் யாராவது ஒருவர் அங்கே வேலையில் இருப்பார் என்பதால் அது இயல்புதான். நான் ரஷ்யாவை ஒட்டியுள்ள எஸ்டோனியாவைத் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டுமே சிறியவை. எஸ்டோனியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 13 லட்சம், நம் நாமக்கல் மாவட்டத்தைவிடக் குறைவு. சிங்கப்பூரில் ஏறத்தாழ 60 லட்சம் பேர். இரண்டிலும் ஆண்களுக்குக் கட்டாய இராணுவப் பணி உண்டு.

சிங்கப்பூர் 1965இல் ஐ.நா.விலும், 1967இல் தொடக்க உறுப்பினராகத் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானிலும் சேர்ந்தது. மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றோடு 1971இல் அது செய்துகொண்ட ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு, தாக்குதல் நேர்ந்தால் கூடிக் கலந்து பேச வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. போரிடும் கடமை யாருக்கும் இல்லை. ஆகவே காவலுக்குத் தன் படையையும், விதிகள் நிலைக்க மன்றங்களையும் அது நம்புகிறது. 1992இல் ஐ.நா.வில் சிறு நாடுகளுக்கென ஒரு மன்றத்தை அமைக்க முன்கை எடுத்ததும் சிங்கப்பூர்தான்.

எஸ்டோனியாவுக்கு மன்றங்களை நம்பும் இந்த வழி ஏற்கெனவே பொய்த்துப்போனது. 1921 முதல், ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தும், 1939இல் சோவியத் படைத்தளங்களுக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டே நாடு பறிபோனது. 1991இல் மீண்டும் விடுதலை பெற்ற அந்நாடு, 2004 மார்ச்சில் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் உள்ள நேட்டோ படைக்கூட்டணியிலும் மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தது.

நான் எஸ்டோனியா பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அது நேட்டோவில் சேர்ந்தது அல்ல, சேர்ந்தபின் ஆண்டுதோறும் அது கொடுத்துவரும் விலை. நேட்டோ ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, ஓர் உறுப்பினர்மீது நடக்கும் தாக்குதலை எல்லோர்மீதும் நடந்ததாகக் கருதினாலும், ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையெனப்படும் நடவடிக்கையை எடுக்கும் என்றே சொல்கிறது. படை தானாக வந்து இறங்கும் என்று அதில் எங்கும் இல்லை. எங்கள் பக்கம் கூட்டுக் கிணற்றில் பங்கு உள்ளவர் தூர்வாரவும் மோட்டார் பழுதுக்கும் தன் பங்கைக் கொடுக்காவிட்டால், பத்திரத்தில் பெயர் இருந்தும் தண்ணீர் முறை வரும்போது சச்சரவுதான். எஸ்டோனியா அந்த நிலைக்குத் தன்னை விட்டுக்கொள்ளவில்லை. தன் எல்லைக்குத் தொடர்பே இல்லாத ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பி, 9 வீரர்களை இழந்தது. பல பெரிய உறுப்பினர்கள் தட்டிக்கழித்த காலத்திலேயே உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காட்டைப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. 2007இல் இணையத் தாக்குதலுக்கு உள்ளான மறு ஆண்டே, நேட்டோ அங்கீகாரம் பெற்ற இணையப் பாதுகாப்பு மையம் தாலின் நகரில் அமைந்தது.

இதற்குக் கைமேல் பலனும் உண்டு. சொந்தமாகப் போர் விமானம் இல்லாத எஸ்டோனியாவின் வான்வெளியை 2004 முதல் நட்பு நாடுகள் சுற்றுமுறையில் காக்கின்றன. 2017 முதல் தாப்பா முகாமில் பிரிட்டன் தலைமையிலான படைப்பிரிவு இருக்கிறது. எல்லைக்கு அப்பால் இருப்பவர் எண்ணிப் பார்ப்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைவிட அந்த முகாமைத்தான் என்பது என் கணிப்பு.

ஆனாலும் சிலவற்றை அடித்துச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. 5ஆம் பிரிவு இதுவரை ஒரே முறைதான் பயன்படுத்தப்பட்டது; அதுவும் 2001 தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவுக்காக, ஒரு சிறு நாட்டுக்காக அல்ல. செலவும் ஏறுமுகம்: 2035க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காடு என்று 2025இல் ஹேக் நகரில் நடந்த நேட்டோ மாநாடு இலக்கு வைத்திருக்கிறது. சிங்கப்பூரைக் குறை சொல்வதிலும் முழு நியாயம் இல்லை. ஆசியான் ஒரு படைக்கூட்டணி அல்ல, நேட்டோவைப் போன்ற ஒன்று இன்று அதன் அக்கம்பக்கத்தில் இல்லை. அந்தச் சூழலில் தன் படையையே நம்பியதைத் தவறென்று நான் வகுப்பில் சொல்லவில்லை.